அண்ணி சொன்ன ‘ம்’

நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில், ஒரு காலை அண்ணியின் படகு மோட்டார் பட்டறையில் போன் அடித்தது. அக்கரையிலிருந்து தாடிக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் படகை ஓட்டுகிறவர். அவருக்குத் தாடி கிடையாது; எப்போதோ இருந்ததாம், பெயர் மட்டும் மழிக்கப்படாமல் நின்றுவிட்டது. அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு வேலைப் பலகைமேல் வைத்தார். என்னையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

“அண்ணி, மோட்டாரை மேல தூக்கினேன். தூக்கினபடியே நிக்குது. இறங்க மாட்டேங்குது.”

“சுவிட்சை அமுக்கினா என்ன கேக்குது?” என்றார் அண்ணி.

“பிள்ளைங்க கத்துறதுதான் கேக்குது. இன்னிக்கு லீவுன்னு ஒருத்தன் பாட்டே கட்டிட்டான்.”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். “பிள்ளைங்க சத்தம்தான் கேக்குதாம்” என்றேன்.

“ஏய்யா, அதுங்களைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லிட்டு அமுக்கு. ‘டிக்’னு ஏதாவது வருதா?”

அங்கே ஓர் அதட்டல். பிறகு அமைதி. “டிக் வருது.”

“வருதாம்” என்றேன்.

“அதுக்கப்புறம் ‘ஊம்’னு வருதா?”

“இல்லைங்க. மணி அடிச்சுது, சாப்பாடு வரல. அந்தக் கதைதான்.”

“பேட்டரி வயரை ஆட்டிப் பாத்தியா?”

“பாத்தேன். என் பல்லு மாதிரி கெட்டியா இருக்கு.”

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்; இதையும் சொன்னேன். “உன் பல்லு மாதிரின்னா நான் நம்ப மாட்டேன்” என்றார் அண்ணி. “சரி, மேனுவலைத் திற.”

“அது வீட்ல இல்ல இருக்கு!”

“எது வீட்ல இருக்கு?”

“மேனுவல். புத்தகம்.”

“புத்தகத்தைத் திறந்தா மோட்டார் இறங்குமாய்யா? படிச்சுக் காட்டப் போறியா அதுக்கு? மோட்டாரைப் பிடிச்சிருக்கிற சட்டத்துல, பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கும் பாரு. உள்ள ஒரு திருகு. அதுதான் மேனுவல். மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க ரெண்டு ஆளை நிறுத்து. அப்புறம் மெதுவா இடப்பக்கமா திருகு.”

காத்திருந்தோம். பிள்ளைகள் “ஓ” என்று கூவியது கேட்டது.

“இறங்கிடுச்சு அண்ணி. என் தொப்பியும் தண்ணியில இறங்கிடுச்சு.”

“தொப்பி கிடக்கட்டும். திருகை மறுபடி இறுக்கு. இறுக்காம ரிவர்ஸ் போட்டா மோட்டார் தானா எம்பும்.”

“இறுக்கிட்டேன். படகை மதியம் கொண்டுவரட்டுமா, சாயந்திரமா?”

இந்த முறை நான் குனிந்து ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி சொன்னார்: “ம்.”

“எது அண்ணி? மதியமா, சாயந்திரமா?”

“ம், ம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தாடிக்காரர் மதியமே வந்து நின்றபோது அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்று அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்கதானே வரச் சொன்னீங்க?” என்றார் அவர். “ஆமாமா” என்று அண்ணி சிரித்துச் சமாளித்தார். வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன் தண்ணீர்ப் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடையில் வேலை பார்த்தவர். அண்ணன் சரக்குப் படகு ஓட்டுகிறவன். இருவரும் குடும்பம் தொடங்கிய கொஞ்ச நாளில் அண்ணன் படகின் டில்ட் கெட்டது. ஆழம் குறைந்த இடத்தில் விசிறி தரையில் இடிக்காமலிருக்க, சுவிட்சை அமுக்கினால் மோட்டாரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடும் அமைப்பைத்தான் படகுக்காரர்கள் டில்ட் என்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு சின்ன மின் மோட்டார், ஓர் எண்ணெய்ப் பம்பு, மேலும் கீழும் போகும் ஒரு தண்டு. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று அப்போதிருந்த மெக்கானிக் சொல்லிவிட்டார். அண்ணி அந்தச் சின்ன மோட்டாரை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைத் தரையில் பிரித்தார். உள்ளே கார்பன் தேய்ந்து, செம்பில் கரி படிந்திருந்தது. அவருக்கு அது பழகின வியாதி.

“அன்னிக்கு மோட்டார் தூக்கிச்சு. நான் விழுந்தேன்” என்பான் அண்ணன். “அதிலிருந்து எங்க வீட்டு அடுப்படியில சமைக்கிற சாமானைவிடக் கழட்டிப் போட்ட சாமான்தான் அதிகம்.”

பிறகு பக்கத்துப் படகுக்காரர் வந்தார். அவர் மைத்துனர் வந்தார். வீட்டின் கீழ்த்தளம் பட்டறையானது. அதன் பின்கதவைத் திறந்தால் நேராகப் படகுத்துறைச் சரிவு. என் அண்ணனைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அண்ணிதான். “ஒருத்தரைக் கட்டிக்கிட்டதுக்கு இத்தனை கொழுந்தனுங்களா!” என்று அலுத்துக்கொள்வார்.

அவருடைய வேலைமுறையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். யார் படகு வந்தாலும் ஸ்பானரை எடுக்கமாட்டார். ஒருவரைச் சுவிட்சை அமுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். ‘டிக்’ வரவில்லை என்றால் மின்சாரமே அங்கே போய்ச் சேரவில்லை. ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று பார்க்க வேண்டும். ‘டிக்’ வந்து ‘ஊம்’ வரவில்லை என்றால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் உள்முனை கருகியிருக்கும், அல்லது மோட்டாரில் கோளாறு. ‘ஊம்’ வந்தும் தூக்கவில்லை என்றால் எண்ணெய் குறைவு, அல்லது அந்த மேனுவல் திருகை யாரோ இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். தூக்கிய பிறகு மெல்ல மெல்லக் கீழே சரிந்தால் எண்ணெய் எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் இரண்டு ரிலேயையும் இடம் மாற்றிப் போடுவார். “வியாதி கூடவே போகுதான்னு பாக்கணும். போச்சுன்னா ரிலே திருடன். போகலைன்னா அவன் அப்பாவி.”

நான் அங்கே தங்கியது படகுத்துறை அலுவலக வேலைக்காக. இரண்டு மொழியில் வரும் கடிதங்களுக்கு இரண்டு மொழியில் பதில் எழுதும் வேலை. “ரெண்டு பாஷை படிச்சவ. ரெண்டுலயும் பேச மாட்டா” என்று அண்ணன் எல்லோரிடமும் அறிமுகம் செய்துவைப்பான். மதியத்துக்குமேல் பட்டறையின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் மாற்றம் கண்ணில் பட்டது.

கண்ணை மூடிக் கேட்டவர், கண்ணைத் திறந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார். எப்ப நின்னுச்சு, எந்தப் பக்கம், மழைக்கு முன்னாலயா பின்னாலயா, டிக் வந்துச்சா, ஊம் வந்துச்சா, நிச்சயமா வந்துச்சா, நீ கேட்டியா, கூட யாரு கேட்டாங்க. “அண்ணிகிட்ட வர்றதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதும் ஒண்ணு” என்று தாடிக்காரர் சொல்ல, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. “ஸ்டேஷன் திறந்திருக்கா?” என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே வருவார்கள். அக்கறை கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ரிலேமேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பாராம். இப்போது அந்தப் பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டார். சில சமயம் பல்லில் கடித்துக்கொண்டார். அது பழக்கமில்லாதவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் சமையலறையில் இருந்தோம். அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குக்கர் விசில் அடித்தது, மறுபடி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன். என் கை குமிழில் இருந்தபோதுதான் அவர் பார்த்தார்.

“எத்தனை அடிச்சுது?” என்று கேட்டார்.

“நிறைய.”

கத்தியைக் கீழே வைத்தார். “நீ கண்டுபிடிச்சிருவன்னு தெரியும் பாப்பா. பேசாதவங்க எல்லாத்தையும் பாத்துருவாங்க.”

டாக்டரிடம் முன்பே போய் வந்திருந்தார், அண்ணனுக்குத் தெரியாமல். மூடின கூரைக்குள் இத்தனை வருஷம் மோட்டார்களை அலறவிட்டு, காதில் ஒரு பஞ்சுகூட வைக்காமல் நின்றதன் விளைவு. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. ‘டிக்’ முதலில் போனது. ‘ஊம்’ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மனிதர்கள் பேசுவது, முகம் தெரிந்தால் பாதி, தெரியாவிட்டால் இரைச்சல்.

“உங்கண்ணன்கிட்டச் சொல்லாதே. துறையில ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. சங்கத்துக்குத் தெரிஞ்சா ஒரு படகும் இந்தப் பக்கம் வராது. காது கேக்காதவ மோட்டார் பாக்குறான்னா யாரு விடுவா? நானே விடமாட்டேன்.”

சங்கம் என்பது படகு உரிமையாளர்கள் சங்கம். அவர்களுடைய எல்லாப் படகுகளையும் அண்ணிதான் பார்த்துவந்தார். அந்த வேலை போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். மூடிவிட்டு என்ன செய்வார் என்பதை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது, அடுத்து அவர் கேட்டதில் தெரிந்தது. “கம்பி சுத்துற கடையில இப்பவும் ஆள் எடுக்குறாங்களா? அதெல்லாம் மெஷின்ல வந்திருச்சுல்ல?”

அதற்குப் பிறகு, போனில் வருவதை அவர் கேட்காமலே திருப்பிச் சொல்வேன். அண்ணன் என்னை ‘எதிரொலி’ என்றான். அவனுக்கு விஷயம் புரியவில்லை. அண்ணி எதற்கும் ‘ம்’ சொல்வார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். யார் எது சொன்னாலும் ‘ம்’. கதை சொல்கிறவருக்கு ‘ம்’ கொட்டினால் போதும், அவர் மேலே போய்க்கொண்டிருப்பார். கேட்டதா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்த ஓரெழுத்தை வைத்துக்கொண்டு அவர் துறை முழுவதையும் சமாளித்துவந்தார்.

மழை நின்ற ஒரு நாள், தாடிக்காரர் பள்ளிப் படகைச் சரிவில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பழைய ரிலேக் கோளாறு எப்போதோ சரியாகியிருந்தது. இது வேறு: மோட்டார் மேலே போகிறது, நின்றபின் நம் கண்ணெதிரிலேயே மெல்லச் சரிகிறது. சரிவதைப் பார்க்க வேண்டும் என்பதால் அண்ணி முட்டுக்கட்டையை எடுத்துவிட்டிருந்தார். சட்டத்தின் இடுக்கில் ஸ்பானரை வைத்துவிட்டு, தண்டின் அடியில் விரல்களை நுழைத்து எண்ணெய் எங்கே கசிகிறது என்று தடவிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சரிவில் யாரோ ஒரு எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகே இருந்தேன்.

“அண்ணி, கீழ இறக்கட்டுமா?” என்று தாடிக்காரர் கேட்டார்.

“ம்” என்றார் அண்ணி.

அவர் சுவிட்சை அமுக்கினார்.

நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். தாடிக்காரர் என் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டதாகப் பிறகு சொன்னார். அண்ணி கையை உருவிக்கொண்டுவிட்டார், இரண்டு விரல் நுனிகளைத் தவிர. இடுக்கில் கிடந்த ஸ்பானர் குறுக்கே மாட்டி, மோட்டார் முக்கிக்கொண்டு நின்றது. அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டதில்லை. தாடிக்காரர் சுவிட்சை மேலே அமுக்கினார். விரல்கள் வெளியே வந்தன. நகங்கள் இல்லை.

“நான் கேட்டேனே! கேட்டுட்டுத்தானே அமுக்கினேன்? அண்ணி ‘ம்’னு சொன்னாங்களே! பாப்பா, நீ சொல்லும்மா, சொன்னாங்கதானே?” அவர் அழுதுகொண்டிருந்தார்.

“சொன்னேன்யா” என்றார் அண்ணி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு. “நீ என்ன கேட்டன்னுதான் தெரியல.”

அன்று மாலை அண்ணன் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, எப்போதிலிருந்து என்று கேட்டான். அண்ணி சொன்னார். “எல்லாரும் என்னை முட்டாள்னு நினைச்சா பரவாயில்லை. நானே நினைக்கும்படி பண்ணிட்டியே” என்றான். பிறகு, “பட்டறையை மூடிடு. நான் ஓட்டுறதே நமக்குப் போதும்” என்றான்.

“காது போனா கையும் போயிடுச்சா?”

“இன்னிக்குப் போகப் பாத்துச்சே!”

“காது போனதால போகப் பாக்கலைங்க. அதை மறைச்சதால போகப் பாத்துச்சு.”

எனக்கு அதுவரை அந்த வித்தியாசம் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் சங்கச் செயலாளர் அண்ணியின் கையைப் பார்த்துப்போக வந்தார். நல்ல மனிதர். விபத்து என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். தாடிக்காரர் முழுப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார். “தெரியாம அமுக்கிட்டானாமே” என்று செயலாளர் ஆரம்பித்தார். துறையில் இருந்த நாலைந்து படகுக்காரர்களும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். “அவன் மேல தப்பில்லைங்க. எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. நான் சொல்லல” என்றார்.

படகுக்காரர் ஒருவர், “அப்ப அந்த ஸ்டேஷன் விசாரணை எல்லாம்…” என்று இழுத்தார்.

“ஆமாய்யா. கேக்கல, அதனால கேட்டேன்.”

தாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணி, தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். இனி எந்தப் படகு வந்தாலும் சுக்கான் பக்கத்துச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவார். மோட்டாரின் மூடியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அவர் கைக்கு மட்டும். ‘டிக்’கைத் தாடையில் வாங்கிக்கொள்வார். ‘ஊம்’முக்கு உள்ளங்கை போதும். யாருக்கு இது சரிப்படவில்லையோ அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், வருத்தமில்லை. வருத்தமில்லை என்று சொன்னபோது குரல் சற்று ஏறிவிட்டது. தன் குரலின் அளவும் இப்போது அவருக்குப் பிடிபடுவதில்லை.

செயலாளர் தரையைப் பார்த்தார். பிறகு, அண்ணி உதட்டைப் பார்க்கிறார் என்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்தார். “மத்த படகெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா. பிள்ளைங்க ஏறுற படகுக்கு மட்டும்… நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்.”

“அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார் தாடிக்காரர். “என் படகு இங்கதான் வரும்.”

“உன் படகு இல்லைய்யா, சங்கத்தோட படகு” என்றார் அண்ணி. “அவர் சொல்றது சரி. போ.”

பள்ளிப் படகு இப்போது துறையின் மறுகோடியில் உள்ள பட்டறைக்குப் போகிறது. அது மட்டுமல்ல, அன்று வந்து நின்ற படகுக்காரர்களில் ஒருவரும் சத்தமில்லாமல் அங்கே மாறிக்கொண்டார். மற்றவர்கள் இருக்கிறார்கள். தாடிக்காரர் படகில்லாமலே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். அண்ணியின் விரல்களில் நகம் கோணலாக முளைத்திருக்கிறது. காதுக்கு ஒரு கருவி வாங்கி மாட்டிப் பார்த்தார். அதில் ஸ்பானர் விழுந்தால் இடி விழுகிறது, பக்கத்தில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார் என்று கழற்றி வைத்துவிட்டார். வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறார். அதுவும் அண்ணன் பாடாத நேரத்தில்.

எல்லாம் சொல்லியாகிவிட்டதால் இனி ‘ம்’ வேண்டியிருக்காது என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படிப் போகிற பழக்கமில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் ஏதோ நீளமாகச் சொல்ல, அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே ‘ம்’, ‘ம்’ என்றார். அவன் நிறுத்திய பிறகும் ஒரு ‘ம்’ வந்தது. “நான் பேசி முடிச்சாச்சு, மேடம்” என்றான். அண்ணியும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தார். குழாயை நிறுத்தினார். நான் அவர் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார்.

“பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் ‘ம்’னு சொன்னா நம்பாதே. உங்கண்ணன் பாவம் பாத்து விட்டுருவார். மத்தவங்களுக்குக் கேக்கக் கூச்சமா இருக்கும். நீ விடாதே. ‘நான் என்ன சொன்னேன் அண்ணி, திருப்பிச் சொல்லுங்க’ன்னு கேளு. எத்தனை பேர் இருந்தாலும் கேளு. எனக்குக் கோவம் வரும், ஏதாவது சொல்லிருவேன். அப்பவும் கேளு.”